ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி

தென்றல் எழுதிக் கொடுத்த கோரிக்கைகளில் ஒன்றைக்கூடச் சட்டமன்றக் குழு தள்ளவில்லை. கெட்ட காலம் சில சமயம் இப்படித்தான் வரும், கைதட்டலோடு.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற தருமனின் மகள் அவள். சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு, திருவண்ணாமலையில் முதியோர் உரிமைக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். வயதானவர்களுக்கு என்ன சட்டம் வேண்டும், என்ன விதி வேண்டும் என்று கேட்டு எழுதி, எம்.எல்.ஏ.க்களின் காதில் விழும்படி செய்வதுதான் வேலை. "அப்ப நீ வக்கீலாடி?" என்பாள் அம்மா சரோஜா. இல்லை என்றால், "பின்ன இன்னாத்துக்கு இந்த அலைச்சல்?" என்பாள்.

அந்த வருஷம் ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்தில் கிழவர்களை அறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தது வெளியே வந்து நாறியது. விசாரிக்கச் சட்டமன்றக் குழு வந்தது. அமைப்பின் தலைவர் இளஞ்செழியன் மனு எழுதும் பொறுப்பைத் தென்றலிடமே விட்டுவிட்டார். எல்லா இல்லங்களையும் பதிவு செய்ய வேண்டும், மாதம் ஒரு தடவை டாக்டர் வர வேண்டும், அறைக்கு வெளியே தாழ்ப்பாள் கூடாது என்று அவள் எழுதினாள். எல்லாம் நியாயமான கோரிக்கைகள். கடைசியாக இன்னொரு வரியும் எழுதினாள்: ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இல்லங்கள் வேண்டும்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. படித்த காலமெல்லாம் பெண்கள் விடுதியில் இருந்த பழக்கமாக இருக்கலாம். மற்றதையெல்லாம் ஆள் ஆளாகக் கேட்டு எழுதியவள், இதை மட்டும் ஒரு கிழவரிடமும் கேட்கவில்லை, ஒரு கிழவியிடமும் கேட்கவில்லை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் அந்த வரியைப் படித்தபோதுதான் கைதட்டல் ஜாஸ்தி. பண்பாட்டுக்குக் கை தட்ட யாருக்குக் கசக்கும்? உறுப்பினர் ஒருவர் மட்டும் யோசித்து, தம்பதிகள் நீங்கலாக என்று சேர்க்கச் சொன்னார். தருமன் டீக்கடையில் ஒருவர் விடாமல் பிடித்து மகளின் பெருமையைச் சொன்னார்.

விதி வந்தது. கிழவர்களைப் பூட்டி வைத்த புண்ணியவான்கள் நல்ல வக்கீலாகப் பிடித்துத் தடை வாங்கிக்கொண்டார்கள். கோர்ட் வாசலையே மிதிக்காத ஆதிலட்சுமி மாட்டிக்கொண்டாள்.

ஆதிலட்சுமி தன் ஓட்டு வீட்டிலும் பின்னால் இறக்கிய தகரக் கொட்டகையிலும் சில வயசாளிகளை வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தென்றலே எத்தனையோ மத்தியானம் அங்கே சாப்பிட்டிருக்கிறாள். அங்கே இருந்தவர்களில் பலராமன் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டன. ராஜம்மாள் புருஷன் செத்த பிறகு மகன் வீட்டில் ஒட்டாமல் வந்தவள். தட்டில் எது எங்கே இருக்கிறது என்று ராஜம்மாள் சொன்னால்தான் பலராமன் சோற்றில் கை வைப்பார்.

"ரசம் சோத்துக்கைப் பக்கம் வெச்சிருக்கேன்யா. கொட்டிக்காதே."

"கொட்டுனா நீ தொடைக்கமாட்டியாம்மா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு."

உண்மையில் அவளுக்கு வேறு வேலை இல்லை. மழை வந்தாலும் வராவிட்டாலும் அவரைத்தான் திட்டுவாள். ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்தபோது, ஆதிலட்சுமி கெஞ்சியும் பலராமன் பட்டினி கிடந்தார்.

தனித்தனியாக வைக்க வசதி இல்லாத அந்த வீட்டை மூடச் சொல்லும் உத்தரவோடும் இரண்டு வேன்களோடும் அதிகாரி தேவிப்ரியா வந்த அன்று தென்றலும் அங்கே இருந்தாள். ஆண்கள் ஆரணிப் பக்கம், பெண்கள் செங்கம் பக்கம். ஒன்று வடக்கே, ஒன்று மேற்கே.

"மேடம், இவங்க ரெண்டு பேரையாவது ஒண்ணா வைக்க முடியாதா?"

"நீங்க கேட்டு வாங்குன ரூல்தானேமா இது?" என்றாள் தேவிப்ரியா. குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். தென்றலின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். "புருஷன் பொண்டாட்டின்னா ஒரே எடத்துல வைக்கலாம். ரெண்டு பேரும் வாயால ஆமான்னு சொன்னாப் போதும். நான் தோண்டித் துருவ மாட்டேன்."

தென்றல் சமையலறைக்கு ஓடினாள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த ராஜம்மாள் கேட்டதும் சீறினாள்.

"இன்னா பேச்சு பேசறே நீ? எம் புருஷன் செத்து எத்தினி வருஷமாவுது! பேரப்புள்ள எடுத்தவகிட்ட வந்து..."

"வேற வழி இல்ல பாட்டி."

ராஜம்மாள் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிறகு கேட்டாள்: "அங்க அவருக்கு யாரு சோறு போட்டுச் சொல்லுவாங்க?"

"தெரியல பாட்டி."

"கண்ணு தெரியாதவரு. சுடுசோத்துல கைய வுட்டுடுவாரு." மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சரி, கூப்புடு அந்தம்மாவ. நான் சொல்றேன்."

சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, தேவிப்ரியாவுக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஆமாங்க, அவரு எங்க வூட்டுக்காரருதான்" என்றாள். தென்றலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிழவியிடம் சம்மதம் வாங்குவதுதான் கஷ்டம் என்று நினைத்தாள். ஆம்பளைக்கு இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று, பலராமனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இந்தத் தடவையும் கேட்காமலே விட்டாள்.

பலராமனை ஏற்கெனவே வேனில் ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தார்கள். டிரைவர், ஊழியர்கள், வேடிக்கை பார்க்க வந்த தெருக்காரர்கள் என்று வாசலில் ஒரே கூட்டம். தேவிப்ரியா ஜன்னலருகே போய்க் கேட்டாள்.

"ஐயா, ராஜம்மாள் உங்க சம்சாரங்களா?"

கிழவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எவன் சொன்னான்?" என்று தெருவே கேட்கக் கத்தினார். "அந்தம்மா மானமா பொழைச்ச பொம்பளைங்க! எனக்கு அவங்க யாரோ, அவங்களுக்கு நான் யாரோ. வயசான காலத்துல அவங்க பேரைக் கெடுக்காதீங்க. அப்பிடிச் சொன்ன வாய் அழுவிப் பூடும்!"

மூட்டையோடு பின்னாலேயே வந்திருந்த ராஜம்மாள் ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். தேவிப்ரியா சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். "எல்லாரும் கேட்டுட்டாங்களேமா, இனிமே நான் எப்படி எழுதறது?" என்று தென்றலிடம் முணுமுணுத்துவிட்டு நகர்ந்தாள்.

"தாத்தா..." என்று தென்றல் வாயெடுத்தாள். ராஜம்மாள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தென்றலுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"தென்றலாம்மா?" பலராமன் ஜன்னல் கம்பியைத் தடவினார். கோபம் அடங்கியிருந்தது. "நான் கத்துனது அந்தம்மா காதுல வுழலியே?"

"இல்ல தாத்தா. அவங்க உள்ள இருக்காங்க."

"நல்லவேளை. கேட்டிருந்தா துடிச்சுப் பூட்டிருப்பாங்க."

ராஜம்மாள் தென்றலின் கையை விட்டாள். சத்தம் கேட்காமல் இருக்கச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மற்ற வேனுக்கு நடந்தாள்.