இடது மோதிர விரல்

ஒரு கையால் மறுகை விரல்களுக்கு டேப் சுற்றுவது சிரமம். அதனால் அணியின் கோல்கீப்பர்களான நானும் என்னைவிட மூத்தவளான அவளும் ஒருவருக்கொருவர் சுற்றிவிடுவோம். கிளப் கொடுத்த அறையில் இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு ஸ்டூல் உண்டு. முதலில் அதன்மேல் அவள் கை, பிறகு என் கை.

அணியில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். அவள் நின்றால் கோல் விழாது. என்னைச் சாவி என்றார்கள், ஆணியில் தொங்கிக்கொண்டே இருப்பதால். இரண்டு வருடமாக ஓர் ஆட்டத்தில்கூட நான் இறங்கியதில்லை.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, பயிற்சியில் கம்பத்தில் மோதி அவளுடைய இடது மோதிர விரல் உடைந்தது. பெரிய கிளப் ஒன்றிலிருந்து அவளைப் பார்க்க ஆள் வருவதாக இருந்த ஆட்டம் அது. மூச்சு விடாதே என்று என்னிடம் மட்டும் சொன்னாள். பக்கத்து விரலோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டேன். எப்போதும் எல்லா விரல்களிலும் டேப் இருப்பதால் பயிற்சியாளர் கண்ணில் எதுவும் படவில்லை.

அதே வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஆடாத ஆளுக்கு அடுத்த வருடம் இடமில்லை என்றார். அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா துணி ஃபேக்டரியில் காலர் தைப்பவள்.

"என் பக்கத்து மெஷின் காலியாத்தான் இருக்கு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வைக்கட்டுமா?"

அன்போடுதான் கேட்டாள். ஆட்டம் முடியட்டும் என்று சொல்லி போனை வைத்தேன்.

ஆட்டத்துக்கு முன் கீப்பருக்குப் பந்து உதைத்து அவள் கைகளைத் தயார்படுத்துவது மாற்று கீப்பரின் வேலை. மொத்தம் இருபது பந்து. அன்று காலை ஸ்டூலில் கையை வைத்தபடி, "இடது பக்கம் மெதுவா போடு, என்ன?" என்றாள். சரிக்கா என்றேன். பதினெட்டுப் பந்துகள் அப்படித்தான் போட்டேன்.

பத்தொன்பதாவதில் கால் வழுக்கிவிட்டது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். புல் காய்ந்திருந்தது. பந்து இடது மேல்மூலைக்குப் போனது, என் முழு பலத்தோடு. பயிற்சிப் பந்துதானே, அவள் விட்டிருக்கலாம். ஆனால் கோல்கீப்பரின் கை விடாது. அதையும் நான் யோசித்திருந்தேன்.

அவள் கத்தவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஓடி வந்த பயிற்சியாளரிடம், "என் தப்புதான் சார், கைய தப்பா வச்சிட்டேன்" என்றாள். வேறென்ன சொல்வாள்? உடைந்த விரலை மறைத்ததையும் அல்லவா சொல்ல வேண்டியிருக்கும்.

டாக்டர் கத்தரிக்கோலை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டாள். என் பக்கம் நீட்டினாள்.

"நீ கட்டினது. நீயே பிரிச்சு விடு."

வெட்டினேன். உள்ளே விரல் கறுத்து வீங்கி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கத்தரிக்கோலைத்தான் பார்த்தாள். என் கை நடுங்கவில்லை என்பதை இருவருமே பார்த்தோம்.

அன்று நான் கோல் விடவில்லை. கடைசி நிமிடத்தில் பாய்ந்து பிடித்த பந்தைப் பற்றி மேனேஜர் எல்லோரிடமும் பேசினார். அறைக்குத் திரும்பியபோது அவள் கட்டில் காலியாக இருந்தது. டேப் உருளையை மட்டும் ஸ்டூலில் விட்டுப் போயிருந்தாள். அந்த விரல் அதன்பின் மடங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அம்மாவோ பக்கத்து மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்ததைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

இது என் மூன்றாவது சீசன். மாற்று கீப்பராகப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், கலகலப்பானவள். "கைய குடுங்கக்கா, சுத்தி விடறேன்" என்று தினமும் கேட்கிறாள்.

பழகிவிட்டது என்று சொல்லி, டேப்பின் முனையைப் பல்லால் கடித்து நானே சுற்றிக்கொள்கிறேன். அவளுக்கு மட்டும் நான் சுற்றிவிடுகிறேன். எந்த விரல் வலிக்கிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.