பத்தாவது வாசகி

எங்கள் வட்டத்தில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் வலைப்பூ எழுதுகிறவர்கள். ஒன்பது பேரையும் ஊரில் ஒரு ஜீவன் படிப்பதில்லை. அந்த ஒற்றுமைதான் எங்களைச் சேர்த்து வைத்தது.

சேர்த்தவர் தார்தோ லாரோசா. ஆற்றுப் பாலத்துச் சுங்க அலுவலகத்தில் முப்பது வருடம் லாரிக் காகிதங்களுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். வீட்டுக் கொல்லையில் உள்ள எறும்புகளைப் பற்றித் தொடர் எழுதிக்கொண்டிருந்தார். அப்போதே நூற்றுப் பதினான்கு பாகம் முடிந்திருந்தது, எறும்புகள் முடியவில்லை. எங்கள் ஊர் பைசாந்துவில் யார் யார் வலைப்பூ வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பிடித்து, மார்ச் மாதம் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஒருத்தர ஒருத்தர் தாங்கணும்மா கிளெண்டா. நம்மள நாமளே படிக்கலன்னா வேற எவன் படிப்பான்?"

நியாயமான கேள்வி. அதனால்தான் யாரும் பதிலைப் பற்றி யோசிக்கவில்லை.

சனிக்கிழமை மதியங்களில், எங்களில் ஒருத்தியான ஓண்டினாவின் பேக்கரிப் பின்னறையில் கூடினோம். மாத்தே என்ற கசப்புத் தேநீர்க் கிண்ணம் கைமாறிக்கொண்டே இருக்கும், தார்தோ விதிகளை வாசிப்பார். யார் பதிவு போட்டாலும் வியாழக்கிழமைக்குள் எல்லோரும் பின்னூட்டம் இட வேண்டும். மூன்று வரிக்குக் குறையக்கூடாது. பாராட்டு மட்டுமே. குறை, கேள்வி, சந்தேகம் எதுவும் கூடாது, அது எழுதுகிறவரின் மனதை உடைத்துவிடும். தவறினவர் அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் பொரித்த ரொட்டி கொண்டுவர வேண்டும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடி செய்யக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய கண்ணாடிகள் ஒரு இழுப்பறை நிறையக் கிடக்கின்றன. திங்கட்கிழமைதோறும் ஒன்றை எடுத்து, யார் கொடுத்தார், என்ன பேசினார், ஏன் திரும்பி வரவில்லை என்று எழுதுவேன். புகழுக்காக இல்லை. கட்டாயமில்லாத ஒரே ஒரு ஆள், தானாக வந்து, கடைசி வரி வரை படிக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது பேராசை என்று அப்போது தெரியாது.

முதல் மாதம் எல்லோரும் உண்மையாகவே படித்தோம். எறும்புகளைக்கூடப் படித்தேன். மூன்றாம் மாதம் தொழில் பழகிவிட்டது. முதல் வரி, கடைசி வரி, நடுவில் ஒரு சொல்லைக் கிள்ளி எடுத்து "மனதைத் தொட்டது" என்று சேர்த்தால் போதும். ஒருமுறை, மனைவி இறந்த மறுவாரம் கண்ணாடி செய்யக் கொடுத்த மனிதரைப் பற்றி எழுதியிருந்தேன். ஓண்டினாவின் கேக் பதிவுக்கு எழுதியதைத் தார்தோ கைதவறி எனக்கு ஒட்டிவிட்டார்: "படிக்கும்போதே வாய் ஊறுகிறது." நான் நன்றி சொன்னேன். என் நன்றிக்கு அவர் நன்றி சொன்னார்.

என் பக்கத்தின் வாசகர் எண்ணிக்கைக் கட்டம் எப்போதும் ஒன்பதைத்தான் காட்டும், என்னையும் சேர்த்து. ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை பத்து என்று காட்டியது.

கீழே ஒரு பின்னூட்டம் இருந்தது. "இடது கண்ணாடியில் கீறல் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கவே வராதவருடைய கண்ணாடியில் கீறல் எப்படி வந்தது? - சுல்மா, தாக்குவரெம்போ."

ஐந்து மாதத்தில் என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. எட்டுப் பேர் "அருமை" சொன்ன பதிவில் இருந்த ஓட்டையை, எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று கடைக்கு வந்த ஒரு அம்மாளுக்கு வலது கண் அளவை இடது கண்ணுக்கு எழுதிக் கொடுத்தேன்.

உண்மையில் அந்தக் கண்ணாடிக்குரியவர் ஒரு நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். மறுநாள் கொண்டுவந்து வைத்து, "எல்லாம் ரொம்பத் தெளிவாத் தெரியுது, கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்" என்று போனவர் வரவில்லை. அதை எழுதக் கூச்சப்பட்டு விட்டிருந்தேன். இப்போது உட்கார்ந்து அவள் கேள்விக்குப் பதிலாக முழுதாக எழுதினேன், சுல்மா என்ற ஒருத்திக்காக. சனிக்கிழமை இரவு அதை வெளியிடுவதாக இருந்தேன்.

நுணலும் தன் வாயால் கெடும். சனி மதியமே நான் வட்டத்தில் சொல்லித் தொலைத்தேன்.

மாத்தே கிண்ணம் ஓண்டினாவின் கையிலேயே நின்றுவிட்டது. தார்தோ எழுந்து நின்றார். கண்கூடக் கலங்கியிருந்தது.

"வட்டத்துக்கு ஒரு வாசகி வந்திருக்கா."

எனக்கு வந்திருக்கிறாள் என்று திருத்தினேன்.

"உனக்கு வந்தா என்ன, நமக்கு வந்தா என்ன? எறும்பு ஒரு சக்கரைத் துண்டப் பாத்தா தனியாவா திங்குது?"

ஓண்டினாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அஞ்சு மாசமா உன்னப் படிக்கறோமேடி. அந்த நன்றி வேணாமா?"

"படிக்கறியா? போன வாரம் எதப் பத்தி எழுதினேன், சொல்லு பாப்போம்."

"கண்ணாடியப் பத்தி," என்றாள்.

தப்பென்று சொல்ல முடியுமா?

ஞாயிறு மாலைக்குள் சுல்மாவின் கேள்விக்கு அடியில் எட்டு வரவேற்புகள். தார்தோ எறும்புத் தொடரின் எல்லாப் பாகத்துக்கும் தனித்தனியாக இணைப்பு கொடுத்திருந்தார். என் பதில் அந்தக் கூட்டத்துக்கு நடுவே எங்கோ நசுங்கிக் கிடந்தது. சுல்மா ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவள் மரியாதை தெரிந்தவள். ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். ஒவ்வொருவரையும் படித்தாள், அதுவும் நிஜமாகவே. முப்பத்தொன்றாம் பாகத்தில் செத்துப்போன ராணி எறும்பு நாற்பதில் எப்படி முட்டையிடுகிறது என்று தார்தோவைக் கேட்டாள்.

தார்தோ இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி. மூன்றாம் நாள் அவளுக்கு வட்டத்தின் விதிகளை அனுப்பினார். அவள் மன்னிப்புக் கேட்டாள், தெரியாமல் செய்துவிட்டதாக. உருகிப்போன தார்தோ, நீயும் ஒரு வலைப்பூ தொடங்கு, வெளியூர் என்பதால் பொரித்த ரொட்டி விலக்கு உண்டு என்றார். அக்டோபரில் அவளும் தொடங்கினாள். வட்டத்தில் பத்துப் பேர் ஆனோம்.

அந்த வியாழக்கிழமை என் பதிவுக்கு அவளிடமிருந்து வந்தது: "மிக அருமை. மனதைத் தொட்டது. நேரமிருந்தால் என் பக்கமும் வாருங்கள்."

கடையின் பின்பக்கம் போய் அழுதேன். அவள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல. அதே ஆத்திரத்தோடு அவளுடைய முதல் பதிவைத் திறந்து, ஒரு வரிகூடப் படிக்காமல் மூன்று வரி பாராட்டை வீசிவிட்டு வந்தேன். பழிக்குப் பழி. தார்தோவோ, ஏழே மாதத்தில் வாசகர் எண்ணிக்கை பெருகிவிட்டது என்று கேக் வெட்டச் சொன்னார்.

ஜனவரி எங்களுக்குக் கோடை, ஊரே கடற்கரைக்குப் போய்விடும். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். கை அரித்தது, சுல்மாவின் பக்கத்தைத் திறந்து முதல் பதிவை முதல் வரியிலிருந்து படித்தேன்.

அவளுடைய அம்மாவைப் பற்றியது அது. அப்பா வீட்டை விட்டுப் போன அன்று அம்மா தன் கண்ணாடியைக் கழற்றி வைத்தாளாம். பதினோரு வருடம் தடவித் தடவியே சமைத்தாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, மகளும் கேட்கவில்லை. "முகம் தெரியாத ஒரு பெண் எழுதியதைப் படித்தபோதுதான் அம்மா எனக்குப் புரிந்தாள். எல்லாம் ரொம்பத் தெளிவாகத் தெரிந்திருக்கும்," என்று எழுதியிருந்தாள். என் பதிலை அவள் படித்திருக்கிறாள். கூட்டத்துக்கு நடுவே தேடிப்போய்ப் படித்திருக்கிறாள். எனக்குத்தான் அதை எழுதியிருக்கிறாள்.

கடைசியில் தனியாக ஒரு வரி. "இதுவரை யாராவது படித்திருந்தால், 'ஆம்' என்று ஒரு சொல் மட்டும் எழுதுங்கள். வேறொன்றும் வேண்டாம்."

அதற்குக் கீழே ஒன்பது பின்னூட்டங்கள் இருந்தன. அருமை, அற்புதம், மனதைத் தொட்டது. மூன்றாவது என்னுடையது. "உங்கள் நடை தென்றல்போல் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன், பாவி.

"ஆம்" என்று எழுதி அனுப்பினேன். மூன்று மாதம் பிந்திய ஆம். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாடிக்கையாளர் வந்தார், உட்காரச் சொன்னேன், அவரை மறந்தும்போனேன்.

பத்து நிமிடத்தில் சுல்மாவின் பதில் வந்தது.

"உங்கள் அழகான வரிகளுக்கு மிக்க நன்றி கிளெண்டா. இதுபோன்ற வார்த்தைகள்தான் எழுத ஊக்கம் தருகின்றன. தொடர்ந்து வாருங்கள்."