அண்ணன் ஊற்றிய ஜெல்

1

வாளித் தண்ணீர் தளும்ப அவள் மாடிப்படி ஏறி ஓடுகிறாள். கீழே அண்ணனோடு பழங்கதை பேசியதில் மொட்டைமாடியில் ஜெல் கிடக்கும் தொட்டி வற்றியது தெரியவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். இன்னும் கொஞ்சம் விட்டால் அந்தக் கறுப்பு ஜெல் செருப்புத்தோலாகிவிடும். அந்த மாதிரி ஜெல் உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம்.

(‘அப்போது ஒரு கரிய உருவம்’ என்று அடுத்த வரியைத் தொடங்கினேன். வாரப்பத்திரிகைப் புத்தி. அடித்துவிட்டேன்.)

உப்புத்தண்ணீரைக் கவிழ்த்தாள். ஜெல் குடித்தது, பிழைத்தது.

2

இந்தக் கதை எனக்கு ஒரு டம்ளரில் கிடைத்தது. அவள் பட்டறைக்குப் போயிருந்தேன். குடித்து முடித்த பிறகுதான் கடல்தண்ணீர் என்றாள். ஜெல் உறிஞ்சுமாம், வெயில் ஆவியாக்குமாம், உப்பு கீழேயே தங்கிவிடுமாம். ஆவி கண்ணாடி மூடியில் பட்டுச் சொட்டினால் குடிதண்ணீர்.

அந்த ஜெல்லை ஊற்றியவன் அவள் அண்ணன். படிக்கிற காலம், வாடகை அறை, ஒரே மின்விசிறி. அது யார் பக்கம் திரும்புவது என்று தினமும் சண்டை. ஏதோ பசைக்கரைசலில் கரித்தூள் கலந்து டிபன்பாக்ஸ் மூடியில் ஊற்றி, ஃப்ரீசரில் உறையவைத்தான். முதல் சொட்டுகளை இருவரும் ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். பிறகு வேலை, வெளியூர், போன்கூடக் கிடையாது.

(இங்கே கண்ணீர் விடலாமா என்று யோசித்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

அப்படியொரு ஜெல் அப்புறம் யாருக்கும் அமையவில்லை. ‘நீ வந்து ஊத்தினாத்தான் ஆகும்’ என்று அவள் கூப்பிட, வந்துவிட்டான். ஜெல் சரியாக வந்தால் கிளம்பிவிடுவான்.

3

பட்டறையின் புது ஃப்ரீசரில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஜெல் உறையவைத்தான். மூன்றும் விரலிடுக்கில் வழிந்தன. ஆனால் சாயங்காலங்களில் அந்த அறைக் கதைகள். வயிறு வலிக்கச் சிரிப்பு.

“கைராசி போயிடுச்சுடி வாலு. டிக்கெட் போட்டுடவா?”

“ராசி எங்கயும் போகல. இன்னொண்ணு ஊத்திப் பாரு, அண்ணா.”

4

முடிவு ஒன்று: நான்காவது ஜெல் கெட்டியாக நின்றது. அண்ணன் அன்றைக்கே கிளம்பி...

முடிவு இரண்டு: அதுவும் வழிந்தது. அண்ணன் தலையைச் சொறிந்தபடி...

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன், காலி டம்ளரை வாங்கிக்கொண்டபோது அவள் என்னிடம் சொன்ன ஒன்று. அந்த வாடகை அறை ஃப்ரிட்ஜின் கதவு ஒழுங்காக மூடாது. ஐஸ் எடுக்க அவள் அடிக்கடி திறந்து, அப்படியே விட்டுவிடுவாள். ஜெல் உறைந்து, இளகி, மறுபடி உறைந்து, அப்படித்தான் இறுகியது.

பட்டறையில் முதல் ஜெல் வழிந்த அன்றே அவளுக்கு அது தெரியும். அண்ணனிடம்தான் சொல்லவில்லை.