லமாராவின் ஒரு சொல்

செவ்வாய்க்கிழமை கோபுரத்திலிருந்து குதித்த ஜும்பெர், வியாழக்கிழமைதான் தரைக்கு வந்து சேர்ந்தான்.

தப்பு விருந்தோம்பலுடையது. ஸ்வானேத்தி மலையில் படப்பிடிப்பு. சண்டை நடிகனான அவனைத் தாங்க அடுக்கியிருந்த வெற்று அட்டைப்பெட்டிகளை ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் வஜா கண்டார். விருந்தாளிகள் வெறுந்தரையில் உட்காருவதா? பெட்டிகளை விருந்து நடக்கவிருந்த தோப்புக்குத் தூக்கிப்போய் இருக்கைகளாகப் போட்டுவிட்டார். ஊரே ஏறி உட்கார்ந்ததில் அவை நசுங்கிப்போயின. மேகம் வருமுன் வெயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இயக்குநர், பாதுகாப்புப் பொறுப்பாளர் லமாராவின் தலையசைப்புக்குக் காத்திராமல் கையை இறக்கினார். ஜும்பெர் குதித்தான். கீழே வெறும் கல்தரை.

"நில்லு!" என்று கத்தினாள் லமாரா.

ஜும்பெர் நின்றான், மாடி உயரத்தில், குப்புறக் கவிழ்ந்தபடி.

இயக்குநரைத் திட்ட "அடப்—" என்று வாயெடுத்தாள். ஜும்பெர் ஒரு முழம் சரிந்தான்.

"ஐயோ அக்கா, வாயத் தொறக்காத! நீ சொன்னதுதான் என்னப் புடிச்சிருக்கு!"

வாயை மூடிக்கொண்டாள். ஏணி வைத்து இழுத்தார்கள். சுவரில் அறைந்த ஆணிபோல அவன் அசையவில்லை. கீழே வைக்கோலும் மெத்தையும் போட்டார்கள். லமாரா முழங்காலால் அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள், கல் முட்டியது. புதுப் பெட்டிகளுக்கு திபிலீசி ஸ்டுடியோவுக்குச் சொல்லியனுப்பினார்கள். வழியில் மண்சரிவு. ஊருக்கோ ஒரே குதூகலம். விருந்தைக் கோபுரத்தருகே மாற்றி, பாலாடைக்கட்டி ரொட்டியான கச்சாபுரியைக் கழியில் குத்தி ஜும்பெருக்கு நீட்டினார்கள். ஒயின் நிரப்பிய மாட்டுக்கொம்பை ஏந்தி வாழ்த்துச் சொல்லும் முறை லமாராவிடம் வந்தது. அவள் பேசவில்லை.

"என்னம்மா, எங்க ஒயினு கசக்குதா? ஒரு வார்த்த வாழ்த்துனா கொறஞ்சா போயிடுவ?" என்றார் வஜா.

"அண்ணே, அவ வாழ்த்துனா நான் செத்தேன்! கொம்ப இங்க குடு, நான் சொல்றேன்," என்றான் ஜும்பெர் மேலிருந்து. அவன் கவிழ்ந்தபடி உயர்த்திய ஒயின் எல்லார் தலையிலும் கொட்டியது. ஊர் ஆரவாரித்தது. தூக்கத்தில் பிதற்றிவிடப் பயந்து லமாரா கைக்குட்டையைக் கடித்துக்கொண்டே படுத்தாள்.

வியாழக்கிழமை லாரி வந்ததும் லமாரா புதுப் பெட்டிகளைத் தானே அடுக்கினாள், கட்டினாள், மேலே மெத்தை விரித்தாள், முழங்காலால் அழுத்தினாள், எல்லாரையும் விலக்கினாள். கேமரா ஓடியது.

"வா," என்றாள்.

பெட்டிகள் பொசுக்கென்று அமுங்கின. ஜும்பெர் சிரித்துக்கொண்டே எழுந்தான். லமாரா இயக்குநர் பக்கம் திரும்பினாள். சேர்த்துவைத்த திட்டு பொழுது சாயும்வரை ஓடியது. ஊர் கைதட்டியது.

அந்தக் குளிர்காலத்தில் ஸ்டுடியோ கூரையிலிருந்து பெரிய விளக்கொன்று கழன்றது. லமாரா "நில்லு" என்றாள். விளக்கு அந்தரத்தில் நின்றது. எல்லாரும் விலகியதும் ஆட்கள் கீழே வலை கட்டத் தொடங்கினார்கள்.

"மெதுவா சாப்ட்டு வாங்கக்கா, வெளிச்சம் அம்சமா விழுது," என்றான் ஒளிப்பதிவாளன்.

லமாரா யாரோடும் பேசாமல் சூப் குடித்தாள்.