மூன்றாம் அங்கத்துக் கடிதம்

ரூபர்ட் ஹேவர்கால் ஒரு நாளைக்கு முப்பது கடிதம் எழுதுகிற மனுஷர். நாடகம் எழுதி அனுப்பித் தொல்லை கொடுக்கும் பாதிரியார்கள், வேஷம் கேட்டுக் கெஞ்சும் நடிகர்கள், ஓசி டிக்கெட் கேட்கும் சீமாட்டிகள் என்று லண்டனில் பாதிப் பேருக்கு அவர் கையெழுத்து அத்துப்படி. ஆனால் ஒருத்திக்குச் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் எழுத ஒன்பது வருஷமாகக் கை வரவில்லை. நாடகக் கம்பெனிக்கு முதலாளி, மேடையில் கதாநாயகன், வயசு ஐம்பது. இருந்து என்ன பிரயோஜனம்?

அந்த ஒருத்தி, அவர் கம்பெனியின் கதாநாயகி லெட்டிஸ் பென்ரோஸ். அவர்களுக்குள் ஒரு விநோதமான கடிதப் போக்குவரத்து இருந்தது. அவர்கள் ஓயாமல் போட்ட நாடகத்தில், முதல் அங்கத்தில் மனைவி கொடுக்கும் கடிதத்தைக் கணவன் படித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். மூன்றாம் அங்கத்தில், தன் பாவத்தை ஒப்புக்கொண்டு கணவன் எழுதிய கடிதத்தை அவள் படித்துவிட்டு மெழுகுவர்த்தியில் கொளுத்திவிடுவாள். வசனம்தான் மனப்பாடமாயிற்றே, வெறும் காகிதமே போதும். ஒரு நாள் ரூபர்ட் குறும்பாக, ‘நேற்று நீ கொடுத்த வாத்து வறுவல், செருப்புத் தோல்’ என்று எழுதி வைத்துவிட்டார். லெட்டிஸ் அதைப் பார்த்தபடியே சோக வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் பேசினாள். மறுநாள் முதல் அங்கத்தில் அவர் கைக்கு வந்த காகிதத்தில், ‘பல் ஆடுகிறவருக்கு அப்படித்தான் இருக்கும்’ என்றிருந்தது.

அன்று பிடித்துக்கொண்டது இந்தப் பழக்கம். அவள் அம்மா செத்த துக்கம், அவருக்கு மேடையேறுமுன் வரும் நடுக்கம், எல்லாம் அந்தக் காகிதங்களில்தான் போய் வந்தன. நேரில் பார்த்தால் இரண்டு பேரும் மூடுபனியைப் பற்றிப் பேசுவார்கள். எரிவாயு விளக்கின் மஞ்சள் மங்கலில் வாசிக்கும்போதுதான் அவருக்கு உயிரே வரும். மற்ற நேரமெல்லாம் அரைத்தூக்கத்தில் நடமாடுவது போலிருக்கும். அவள் கடிதங்கள் ஒரு தொப்பிப் பெட்டி நிறைய அவரிடம் இருந்தன. அவர் எழுதியதெல்லாம் எரிந்து போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை அவள் எழுதியிருந்தாள்: ‘மெல்போர்ன் கம்பெனி கூப்பிடுகிறது. திங்கட்கிழமை கப்பல். என் கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன, உங்களுடையதில் என்னிடம் சாம்பல்கூட இல்லை. போகட்டுமா, இருக்கட்டுமா? நாளை மூன்றாம் அங்கத்தில் சொல்லுங்கள்.’

சனிக்கிழமை பகல் ஆட்டம். காலை முழுக்க ஒப்பனை அறையில் உட்கார்ந்து பதினான்கு காகிதம் கிழித்தார். ‘போகாதே’ என்று எழுதினால் அவளைக் கட்டிப்போடுவது போலிருந்தது. ‘போய் வா’ என்று எழுதக் கை மறுத்தது. மணி அடித்துவிட்டார்கள். பாவி மனுஷர், வெறும் காகிதத்தை மடித்து அரக்கு வைத்து மேடைக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்.

மூன்றாம் அங்கம். திரைமறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லெட்டிஸ் அரக்கை உடைக்கவில்லை. மூடிய கடிதத்தைக் கையில் வைத்தபடியே வசனம் முழுவதையும் சொன்னாள். மெழுகுவர்த்தி வரைக்கும் கொண்டுபோனாள். பிறகு கடிதத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

பக்கத்தில் வசனப் புத்தகத்தோடு நின்று, மறந்தவர்களுக்கு வரி எடுத்துக் கொடுக்கும் கிழவர் டோபின் பதறிப்போனார். “முதலாளி, அம்மா கொளுத்தல. கடைசி அங்கத்துல என்ன பண்றது?”

“தெரியலய்யா,” என்றார் ரூபர்ட்.

கடைசி அங்கத்தில், வேறு வழியில்லாமல், வழக்கமான வரியைச் சொன்னார். “அந்தக் கடிதம் எங்கே, கண்மணி?”

“எரித்துவிட்டேன்,” என்று ஓரத்திலிருந்து டோபின் எடுத்துக் கொடுத்தார். “எரித்துவிட்டேன், எரித்துவிட்டேன்...”

“எரிக்கல,” என்றாள் லெட்டிஸ். “வச்சிருக்கேன்.”

அரக்கை உடைத்துப் பிரித்தாள். பின்னால் இருந்த வெளிச்சம் காகிதத்தில் ஊடுருவியது. ஒரு எழுத்தும் இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபர்ட்டுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள்.

“‘லெட்டிஸ், போயிடாதே. ஊருக்கெல்லாம் எழுதறேன், உனக்கு எழுத பயமா இருக்கு. நீ போயிட்டா நான் வெறும் வேஷந்தான். வாத்து எப்படி இருந்தாலும் சாப்பிடறேன்.’” காகிதத்தை மடித்தாள். “இவ்வளவுதான் இருக்கு. சரியா?”

முன்வரிசையில் ஒரு அம்மாள், லெட்டிஸ் என்பது யார் என்று நிகழ்ச்சித்தாளைப் புரட்டினாள். டோபின் பக்கம் பக்கமாகத் தேடினார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக ரூபர்ட்டுக்கு எடுத்துக் கொடுக்க யாரிடமும் வரி இல்லை.

“ஒண்ண விட்டுட்ட,” என்றார்.

“என்னது?”

“நான் கோழைங்கறத.”

“அது எழுதாமலே தெரியுது. மத்தது?”

“மத்தது அத்தனையும் சரி.” ஒரு அடி முன்னால் வந்தார். “போகாதே, லெட்டிஸ்.”

அவள் ஓடி வந்து கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. “ம்,” என்று தலையாட்டினாள். கண் நிறைந்திருந்தது. டோபின் புத்தகத்தை மூடிவிட்டுத் திரையை இறக்கச் சொன்னார். வெளியே கைதட்டல் கட்டடத்தை உலுக்கியது.

திரைக்குப் பின்னால் அவள் அந்தக் காகிதத்தை மேஜைமேல் விரித்தாள். நாடகத்துக்காக வைத்த மைக்கூட்டில் மை ஏது? ரூபர்ட் டோபினின் காதிலிருந்த பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு குனிந்தார்.

“வாத்த விட்டுடாதீங்க,” என்றாள் லெட்டிஸ்.

“முதலாளி, ஜனங்க கூப்பிடறாங்க,” என்றார் டோபின்.

“கூப்பிடட்டும்யா. ஒரு கடுதாசி எழுதிட்டு வரேன்.”