வாயில் வளர்ந்த கெளுத்திகள்

ஜூன் பதினொன்றாம் தேதி, நான்காம் மாடி வீடொன்றின் பின்னறைத் தொட்டியில் மஞ்சள் மீன் ஒன்று தீனியைத் தொடவில்லை.

தொட்டி, பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவளுடையது. ஆனால் அவள் உயிர் மஞ்சள் மீன்கள் மேல் இல்லை. ஆப்பிரிக்க ஏரியிலிருந்து வந்த கெளுத்திகள் மேல். வெள்ளி உடம்பு, கறுப்புப் புள்ளிகள், வாயோரம் மீசை. ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. அரிய மீனுக்குத் தொந்தரவு கூடாதென்று வேறெந்த மீனையும் அண்டவிடாமல் வளர்த்தாள். கெளுத்திகள் தின்றன, தூங்கின, குஞ்சு மட்டும் போடவில்லை. எதிர்வீட்டுக்காரர் காலிசெய்யும்போது தலையில் கட்டிவிட்டுப் போன மஞ்சள் மீன்களை வேறு வழியில்லாமல்தான் உள்ளே விட்டாள்.

பேக்கரியில் வேலை செய்யும் கணவன் கெடு வைத்திருந்தான். மாதக் கடைசியில் அவன் அக்கா வந்து தங்கப்போகிறாள், பின்னறை வேண்டும்.

"அதுக்குள்ள ஒரே ஒரு கெளுத்திக் குஞ்சு பொறந்தா தொட்டி இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா ஆக்சிஜன் எடுத்துட்டுப் போகட்டும்."

ஆக்சிஜன் என்பது மீன்கடைக்காரரின் பட்டப்பெயர். எந்த மீனுக்கு என்ன வந்தாலும் "ஆக்சிஜன் பத்தல" என்பார். அன்று அவள் போனில் கேட்டபோது மட்டும் வேறு சொன்னார்.

"தின்னாம கிடக்குதா? நோய்தாம்மா. வெளிய தூக்கிப் போடு, கெளுத்திக்கும் ஒட்டிக்கும்."

அவள் வலையை எடுத்தாள். மீன் திரும்பியபோது தாடை தெரிந்தது. தினமும் ஊரார் வாயைப் பார்ப்பவள். இது வீக்கம் இல்லை. வாயை மூடிக்கொண்டு கொப்பளிப்பது போலிருந்தது; உதட்டிடுக்கில் முட்டைகள் தெரிந்தன.

"அண்ணே, வாய் நிறைய முட்டை வெச்சிருக்கு!"

"இருக்கட்டுமே. மஞ்சள் மீன் அப்படித்தான் வாயில வெச்சுக் காக்கும். நீ பந்தயம் கட்டினது கெளுத்திக்கு."

அது நியாயம்தான். ஆனால் மஞ்சள் மீன் முட்டையிட்ட அன்று கெளுத்திகள் நடுவில் பாய்ந்ததும், "திருட்டுப் பசங்களா!" என்று கண்ணாடியைத் தட்டியதும் அவளுக்கு நினைவு வந்தது. முட்டையைத் திருடத்தான் வந்தனவா, தங்கள் முட்டையை வைக்க வந்தனவா? காக்கைக் கூட்டில் குயில் என்ன செய்கிறது? வலையை மாட்டிவிட்டு, மஞ்சள் மீனைத் தனிப் பெட்டியில் விட்டுக் காத்திருந்தாள்.

மாதக் கடைசியில் அக்கா பெட்டியோடு வந்தாள். பின்னாலேயே ஆக்சிஜன் காலி வாளிகளோடு வந்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க அண்ணே."

கையை நனைத்து மீனைக் கிண்ணத்தின் மேல் பிடித்து, கீழ்த்தாடையை மெல்ல இறக்கினாள். "இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க" என்று பழக்கதோஷத்தில் சொன்னாள்.

"மீனுக்கும் மரியாதையா!" என்றாள் அக்கா.

வாயிலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கணவன் குனிந்து பார்த்தான். எல்லாவற்றுக்கும் மீசை இருந்தது.

"கெளுத்தி! என் கெளுத்தி!" அவள் குரல் மாடிப்படி வரை கேட்டது.

"அப்போ மஞ்சள் குஞ்சு எங்க?" என்றாள் அக்கா.

"உள்ளேயே கெளுத்திக் குஞ்சுக்கு விருந்தாகியிருக்கும்," என்றார் ஆக்சிஜன். பிறகு மெதுவாக, "ரெண்டு கொடேன்மா."

"ஆக்சிஜன் பத்தாதுண்ணே."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "தம்பி, கட்டிலை முன்னறையில போடு."

ஆக்சிஜன் காலி வாளிகளோடு இறங்கிப் போனார். தொட்டி பின்னறையிலேயே இருக்கிறது.