மின்விசிறிக்கு நேர் கீழே

கண்புரை ஆபரேஷன் செய்த டாக்டர், ஒரு வாரம் செல்போனைப் பார்க்கக்கூடாது என்றுவிட்டார். சோறு தின்னாதே என்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

துறைமுகத்தில் ரிடையரான நாங்கள் மாதா கோயிலில் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ராயபுரம் டீக்கடையில் கூடுவோம். அந்த வாரம் வந்த டீசர், நடிகை கல்யாணம், ஊரே ஆடும் ரீல்ஸ் என்று எவன் புதுச் செய்தி கொண்டுவருகிறானோ, அவனுக்குத்தான் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி. மூன்று வருஷமாக அது என்னுடையது. சினிமாக்காரர்களே ஞானம் என்கிற என்னைக் கேட்டுத்தான் படத்துக்குப் பூஜை போடுகிறார்கள். முழுசாக வேண்டாம், பாதி நம்புங்கள் போதும்.

எங்கள் கூட்டத்தில் சைமன் அந்த நாற்காலிமேல் கண் வைத்திருந்தான்.

எனக்குக் காது இருந்தது. ஜன்னலோரம் படுத்தபடி, தெருவில் போகிற போன்களையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றிலும் ஒரே ரீல்ஸ் பாட்டு. தாளத்துக்கு நடுவே ஒரு பெண் குரல் "ரெண்டு தரம்" என்று இழுக்கும். உடனே 'ட்டொக்' என்று ஒரு சத்தம். அந்த 'ட்டொக்'கை எங்கே கேட்டிருக்கிறேன்? கிரேன் சங்கிலியா? கப்பல் நங்கூரமா? யோசித்து யோசித்து மண்டை பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. வியாழக்கிழமை அடுப்பில் சங்கரா மீன் கொதித்த வாசனையில்தான் பிடிபட்டது. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற என் கொழுந்தியாள் ஜானட்! மூணாம் தரம் சொல்வதற்கு முன்னால் நாக்கைச் சொடுக்குவது அவள் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"புதுச் செய்தி எதுனா கீதா? இல்லன்னா எய்ந்துரு" என்றான் சைமன்.

"ஊரே ஆடுதே ஒரு ரீல்ஸ், அதுல 'ரெண்டு தரம்'னு கூவி 'ட்டொக்'குன்றது நம்ம ஜானட்."

கடையே சிரித்தது. "போன மாசம் திமிங்கலம் உன்னப் பாத்து வணக்கம் வெச்சிதுன்ன. நூறு வாட்டி பாத்துட்டேன் நைனா, அது மேளம்" என்று நாற்காலியைப் பிடித்து இழுத்தான் சைமன்.

"நீ ஆடுற பொண்ணப் பாத்துகினு இருந்த. நான் கேட்டுகினு இருந்தேன்."

பொய்யையெல்லாம் வாய் பிளந்து கேட்டவர்கள், உண்மையைச் சொன்னால் நம்பவில்லை. நாற்காலி போயேவிட்டது; சைமன் அதில் உட்கார்ந்துகொண்டான்.

அப்போது கோயிலிலிருந்து ஜானட்டே டீ குடிக்க வந்தாள். "ஜானட், இந்த நாற்காலிய ஏலம் வுடேன்" என்றேன்.

"கத்தி கண்ணுல வெச்சாங்களா, மூளைலயா மாமா?" என்றவள், தொழில் பழக்கம், இடுப்பில் கை வைத்துவிட்டாள். "நாற்காலி ஒரு தரம்... ரெண்டு தரம்..."

ட்டொக்.

டீ மாஸ்டர் ஆற்றிய டீ கீழே கொட்டியது. சைமனின் வலது கால் தன்பாட்டுக்கு அந்த ரீல்ஸ் ஸ்டெப்பைப் போட்டது. போனை எடுத்துப் பாட்டைப் போட்டுக் கேட்டான். நாற்காலியை விட்டு எழுந்தான்.

"என் கொரலா இது? எவன் புடிச்சான்? எத்தினி பேர் கேட்டுகிறாங்க?" என்று ஜானட் போனுக்குள்ளேயே புகுந்துவிட்டாள்.

"எட்டு லட்சம்" என்று படித்தான் சைமன்.

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். மேலே மின்விசிறி சுற்றியது.

"ஜப்பான்ல கேட்டவங்க கணக்கு இன்னும் வரல" என்றேன்.